ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர்

பிப்ரவரி 20, வியாழன்

இவர் குடிப்பதை எல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் ஹேசல். விழுங்கப் பழக்குவதற்கு வீட்டுக்கு வருகிற பெண் அவள். பேச்சையும் விழுங்குவதையும் ஒரே ஆள்தான் பார்ப்பார் என்பது இவருக்குப் பக்கவாதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சரி, எழுதுகிறேன். காலை: இரண்டு கரண்டி. மதியம்: ஒன்றுமில்லை. மாலை: மூன்று கரண்டி, அதில் பாதி சட்டையில். எழுதி முடித்தாயிற்று. பக்கத்தில் இடம் கிடக்கிறது, மற்றதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பரில் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. வார்த்தைகளில் ‘இல்ல’ ஒன்றுதான் மிச்சம். பசித்தாலும் இல்ல, வலித்தாலும் இல்ல, மகளின் பெயரைக் கேட்டாலும் இல்ல. அதைப் பழகிக்கொண்டேன். பழக முடியாதது இந்தத் தொண்டைதான். தண்ணீரைத் தண்ணீராகக் கொடுத்தால் இவருக்கு அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குப் போய்விடுகிறது. அதனால் எதைக் கொடுத்தாலும் ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுக் கலக்கித் தேன் பதத்துக்கு ஆக்கித்தான் கொடுக்க வேண்டும். தேநீரில் போட்டால் தேநீர்ப் பசை. தண்ணீரில் போட்டால் சுவரொட்டிப் பசை. இவர் ஒரு வாய் வாங்கிவிட்டு உதட்டை இறுக்கிக்கொள்கிறார்.

ஜனவரியில் உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் போட்ட குழாயை இடது கையால் பிடுங்கிப் போட்டார், திரும்பத் திரும்ப. இப்போது கெடு வைத்திருக்கிறார்கள். மார்ச் முடிவதற்குள் வாயால் போதிய அளவு குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரக் குழாய். அதைச் சொன்னபோது இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கப்பல் எஞ்சினைக் கட்டி மேய்த்த மனுஷன்.

பிப்ரவரி 22, சனி

நான்கு கரண்டி. எனக்குத் தோள் வலி.

பிப்ரவரி 24, திங்கள்

லண்டனிலிருந்து ஜெசிந்தா பேசினாள்.

“மம்மி, கொழாயே போட்ருவோம். நீயும் எத்தன நாளு கரண்டியத் தூக்கிட்டு நிப்ப?”

“அவுகதான் வேண்டாங்காகல்லாட்டி.”

“டாடிக்கு என்ன தெரியும் இப்ப?”

“எல்லாந் தெரியுது. சீரியல்ல கொலகாரன் வந்தா கையக் காட்டுதாக.”

நேற்று ஒரு கோப்பையைக் கலக்கிக்கொண்டு போனேன். வாயை மூடிக்கொண்டார். முன்பெல்லாம் கெஞ்சுவேன், அதட்டுவேன், மாதாவைக் கூப்பிடுவேன். நேற்று கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

கெவின் வந்திருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், இவருடைய பியர் சிநேகிதர். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறி இங்கிலாந்தின் இந்தச் சண்டர்லாந்தில் கரை ஒதுங்கிய இவருக்கு ஓய்வு பெற்றதும் பிடித்த கிறுக்கு, வீட்டிலேயே பியர் காய்ச்சுவது. கராஜ் முழுக்க அண்டாவும் குழாயும் மூட்டையும்தான். நான் ஜெபமாலைச் சபையில் இருப்பவள், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வாசனை மட்டும் வரும். அது நன்றாகத்தான் இருக்கும், அதை அவரிடம் சொன்னதும் இல்லை.

கெவின் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினார். போகும்போது அடுப்படியில் நின்று என்னிடம், “காஸ்பர் காய்ச்சினதைக் காஸ்பருக்குக் கொடுத்தா குடிப்பான்” என்றார். அவர் பேசுவது கரைப் பக்கத்து இங்கிலீஷ், எனக்குப் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன்.

பியர் நீர்த்தது, தொண்டைக்கு ஆகாது என்றேன்.

எல்லா பியரும் நீர்த்தது இல்லை என்றார். முளைவிட்டுக் காயவைத்த பார்லியை உடைத்து, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுவார்களாம். மாவு இனிப்பாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்துக் காய்ச்சி ஈஸ்ட் போட்டால் பியர். வழக்கமாக ஒரு கிலோ பார்லிக்கு இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் குறைத்தால் பியர் கனமாக வரும், கூட்டினால் லேசாக வரும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

மார்ச் 1, சனி

அரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு. பொங்கலுக்கு ஒன்றுக்கு நாலு. கஞ்சிக்கு எட்டு, பத்து. தண்ணீரைக் குறைக்கக் குறைக்க இறுகும், இதைத் தெரிந்துகொள்ள யாரும் கப்பலில் போக வேண்டியதில்லை. இரண்டரையில் கெவின் சொல்கிற சாதாரண பியர் என்றால், ஒன்றரையில் கெட்டியாக வர வேண்டும். தேன் பதம் வந்துவிட்டால் தூளே தேவையில்லை. இவருக்குப் பிடித்தது, இவர் தொண்டைக்கு ஏற்ற பதத்தில்.

ஹேசலிடம் கேட்கலாமா என்று யோசித்தேன். ‘மிஸஸ் வாஸ், நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள்’ என்பாள். அதனால் கேட்கவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலுக்குப் போக முடியவில்லை, இவரைப் பார்க்க ஆள் இல்லை. கராஜில் மூட்டையைத் திறந்து பார்த்தேன். உடைத்த பார்லி இருக்கிறது, பூச்சி இல்லை. தவக்காலத்தின் முதல் நாள் நான் பியர் மூட்டைக்கு முன்னால் நிற்கிறேன். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் சாம்பலை நெற்றியில் பூச மாட்டார், தலையில் கொட்டுவார்.

மார்ச் 8, சனி

சக்கர நாற்காலியில் இவரை அடுப்படிக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தேன். ஊறப் போடுகிற பெட்டி, பிக்னிக்குக்கு ஐஸ் வைத்துக்கொண்டு போவார்களே, அதே பெட்டி. அடியில் இவர் ஒரு திருகுக் குழாய் வைத்திருக்கிறார். அதைப் பார்த்ததும் இவர் முதுகு நிமிர்ந்தது.

நாலு கிலோ பார்லி. ஆறு லிட்டர் வெந்நீர். இவர் என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், “இல்ல” என்றார். எல்லாவற்றுக்கும் சொல்கிற இல்லதானே என்று ஊற்றிவிட்டேன்.

பொங்கல் பதம் வரும் என்று நினைத்தால் புட்டாக வந்தது. உருண்டை உருண்டையாக, உடைத்தால் உள்ளே காய்ந்த மாவு. துடுப்பு நகரவில்லை. வெப்பமானியில் அறுபத்தாறு காட்ட வேண்டுமாம், அறுபதுகூடக் காட்டவில்லை. தண்ணீர் குறைந்தால் அது கொண்டுவருகிற சூடும் குறையும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் இடது கையால் நாற்காலியைத் தட்டினார். கெட்டிலைக் காட்டினார். ஊற்றினேன். மறுபடியும் தட்டினார். ஊற்றினேன். வட்டமாகக் கையைச் சுற்றினார், கிண்டு என்று. கல்யாணமான நாளிலிருந்து என் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்காத மனுஷன்.

“ஏங்க, ஒத்தக் கையாலயே இந்த வேல வாங்குதீகளே, ரெண்டு கையும் இருந்தா என்ன செஞ்சிருப்பீக?”

உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது கலவை இளகியிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கவில்லை. சூட்டில் இளகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். திருகைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வந்தது. பதநீரைப் பாதி காய்ச்சினால் ஒரு நிறமும் மணமும் வருமே, கருப்பட்டி ஆவதற்கு முன்பு, அப்படி இருந்தது. வீடு முழுக்க அந்த மணம்.

அப்போது இவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். எச்சிலை விழுங்கினார். நான் விழுங்கச் சொல்லவில்லை, ஹேசலும் இல்லை. பிறகு வாயைத் திறந்தார். கரண்டி கையில் இல்லாதபோதே திறந்தார். நவம்பருக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

பியராகும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. இதில் போதை கிடையாது, ஈஸ்ட் இன்னும் போடவில்லை. கோப்பையில் பிடித்தேன், ஆறவிட்டேன், ஹேசல் சொன்ன அளவுக்குத் தூளைப் போட்டுக் கலக்கினேன். முள்கரண்டியில் எடுத்துப் பார்த்தேன், சரியான பதம். வாங்கினார். அடுத்ததையும் வாங்கினார். எண்ணவில்லை, எண்ணத் தோன்றவில்லை. ஜெசிந்தாவைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று போனை எடுத்தேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், கொஞ்ச நேரம் பேசிவிட்டு அவள் பார்க்கப் பார்க்க மீதியைக் கொடுத்தேன். கோப்பையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருமினார். இருமல் நிற்கவில்லை. கோப்பைக்குள் தண்ணீராக இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. இதற்குமேல் இன்று எழுத முடியாது.

மார்ச் 10, திங்கள்

வலது நுரையீரலில் நிமோனியா. பெட்டியில் மிச்சமிருந்ததைக் கெவின் எடுத்துக்கொண்டு போய்விட்டார், வீணாக்க வேண்டாம் என்று.

டாக்டர், “தூள் போட்டீர்களா?” என்று கேட்டார். போட்டேன் என்றேன். “சரியான அளவா?” சரியான அளவு என்றேன். அவர் தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெசிந்தா வந்திருக்கிறாள். அவளும் மெதுவாகக் கேட்டாள்:

“மம்மி, நீ டயர்டா இருந்தியோ? மறந்திருப்பியோ?”

“மறக்கலட்டி. கலக்கி, முள்கரண்டியில பாத்துட்டுத்தான் குடுத்தேன்.”

நம்பவில்லை. காய்ச்சல் இறங்கியதும் குழாய் போட்டுவிடலாம் என்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ஜெசிந்தா நேற்று மாலையே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் தனியாகப் படுத்தேன். விடிந்து வெகுநேரம் வரை தூங்கியிருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

நேற்று இரவு எனக்கென்று அரிசிக் கஞ்சி வைத்தேன். தட்டு கழுவச் சோம்பல், பாத்திரத்திலேயே கரண்டி போட்டுப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டேன். காலையில் பார்த்தால் மேலே தண்ணீராக நிற்கிறது. எச்சில் கரண்டி பட்ட கஞ்சி நீர்த்துத்தானே போகும். அம்மாவிடம் இதற்காக வாங்காத வசவு இல்லை.

கவிழ்க்கப் போனவள் பாத்திரமும் கையுமாக நின்றுவிட்டேன்.

ஜெசிந்தாவுக்கு ஆறு மாதத்தில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரித்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தேன். சாதாரணக் கேழ்வரகு மாவு என்றால் ஆறினதும் களியாகிவிடும். முளைகட்டிய மாவுக் கஞ்சி எவ்வளவு போட்டாலும் இறுகாது, அதனால்தான் பிள்ளைகளுக்குக் கொடுப்பது. முளைத்த தானியத்துக்கு மாவைத் தின்கிற குணம். பார்லியும் முளைத்ததுதான். மூடி போட்ட பெட்டிக்குள் கலவை தானே இளகியதும் அதனால்தான்.

தூள் டப்பாவை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். மக்காச்சோள மாவு.

நான் போட்ட தூளை அந்தப் பார்லி நீர் தின்றுவிட்டது. நான் மகளோடு பேசிக்கொண்டிருந்த நேரம் அதற்குப் போதும்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் கையால் கொன்றிருப்பேன். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. என் வாழ்நாள் முழுக்கக் கஞ்சி காய்ச்சியவள் நான்.

மார்ச் 17, திங்கள்

ஆஸ்பத்திரிக்கு இரண்டு பிளாஸ்க்கும் தூள் டப்பாவும் கொண்டுபோனேன். ஒன்றில் பார்லி ஊறிய நீர் அப்படியே. இன்னொன்றில் அதையே நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்தது. கொதித்தால் அந்தத் தின்கிற குணம் செத்துவிடும், இல்லாவிட்டால் உலகத்தில் எந்தக் கஞ்சியும் கஞ்சியாக நிற்காது. ஹேசலைக் கூப்பிட்டு அவள் கண் முன்னால் இரண்டிலும் ஒரே அளவு தூள் போட்டேன். பேசிக்கொண்டே இருந்தோம். முதல் கோப்பை நீர்த்துவிட்டது. இரண்டாவது தேனாகவே நின்றது.

ஹேசல் பெருமூச்சு விட்டாள். எச்சில் பட்டால் அந்தத் தூள் நீர்க்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான். பிசின் வகையில் இன்னொரு தூள் இருக்கிறது, அதை எச்சிலும் ஒன்றும் செய்யாது, முளைத்த தானியமும் ஒன்றும் செய்யாது என்றாள். “நீங்கள் பியர் சரக்கை அதில் கலப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும் அம்மா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள். கேட்டிருக்கலாம்தான்.

பிறகு அவள் கேட்டது வேறு. “அவர் தானாக வாயைத் திறந்தாரா?”

திறந்தார். வாசனைக்கே விழுங்கினார் என்றேன்.

உடனே எழுந்து டாக்டரைப் பார்க்கப் போனாள். குழாய்க்கு நாள் குறித்திருந்தார்கள். ஏப்ரல் முதல் வாரத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அதுவரை வீட்டில் முயற்சி செய்யலாம். கொதிக்க வைக்க வேண்டும், புதுத் தூள் போட வேண்டும், பேசிக்கொண்டே கொடுக்கக் கூடாது.

மார்ச் 21, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டார். மெலிந்துவிட்டார், தூக்குவது எளிதாக இருக்கிறது. அதற்குச் சந்தோஷப்படலாமா?

பழைய டிபன் பாக்ஸ் பிளாஸ்க்கில் கொஞ்சமாக ஊறப் போடுகிறேன். ஒன்றுக்கு ஒன்றரை வைத்தால் நீர் இனிப்பாக இருக்கிறது, ஆனால் அண்ணத்தில் ஒட்டுகிறது. இனிப்பில் பாதி பார்லியிலேயே தங்கிவிடுகிறது, பிழிந்தாலும் வருவதில்லை. நாலு வைத்தால் நிறைய வருகிறது, கழுநீர் மாதிரி. இவர் நாலைத் துப்பினார். ஒன்றரைக்கு முகத்தைச் சுளித்தார். இரண்டரைக்கு வாயைத் திறந்தார். கெவின் சொன்ன அதே இரண்டரை. உலகத்தையே சுற்றிவிட்டு வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

ஊறப் போடு, வடி, கொதிக்கவை, ஆறவை, தூள் போடு, காத்திரு, ஊட்டு, துடை. அதற்குள் அடுத்த வேளை வந்துவிடுகிறது.

மார்ச் 24, திங்கள்

காலை ஒரு கோப்பை. மதியம் முக்கால். மாலை ஒரு கோப்பை. சட்டையில் ஒன்றுமில்லை.

மார்ச் 26, புதன்

அதே. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

மார்ச் 29, சனி

கெவின் அந்தப் பார்லி நீரைப் பியராக்கி ஒரு புட்டி கொண்டுவந்தார். ஊற்றினார். தண்ணீராகத்தான் ஓடியது. நான் நினைத்திருந்த தேன் பதத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. ஈஸ்ட் இனிப்பை எல்லாம் தின்றுவிடுமாம். கனம் என்று அவர் சொன்னது நாக்குக்குத் தெரிகிற கனம், கரண்டிக்குத் தெரிகிறது இல்லை. அதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

இவருக்குப் புட்டியை மூக்கருகே காட்டினார். நீண்ட நேரம் முகர்ந்தார். “இல்ல” என்றார். கெவின், “நல்லா இருக்காம்” என்று எனக்கு மொழிபெயர்த்தார்.

ஏப்ரல் 2, புதன்

ஹேசலும் டாக்டரும் வீட்டுக்கே வந்தார்கள். என் கணக்கைப் பார்த்தார்கள், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார்கள், எடை பார்த்தார்கள். நான் கோப்பையை எடுத்து வந்து ஊட்டினேன். ஒரு வாய்க்கும் இருமவில்லை.

குழாய் வேண்டாம் என்று முடிவாயிற்று.

டாக்டர் கைகுலுக்கினார். இப்படியே பார்த்துக்கொண்டால் இன்னும் பல வருஷம் இருப்பார் என்றார். நன்றி என்றேன். அவர்கள் போனதும் கோப்பையைக் கழுவினேன். மதியத்துக்கு ஊறப் போட வேண்டும் என்று கராஜுக்குப் போனேன். மூட்டைக்குள் அளவுக் கிண்ணத்தை விட்டேன், கை மேலே வரவில்லை. பல வருஷம். அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டுத்தான் அழுதேன், கராஜ்தானே.

ஜெசிந்தா கூப்பிட்டாள். ஹேசல் அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

“மம்மி, அழுறியா? சந்தோஷத்துலயா?”

“ஆமாட்டி. வேற எதுக்கு அழப் போறேன்?”

முகத்தைக் கழுவிக்கொண்டு, பார்லி போட்ட பிளாஸ்க்கும் கெட்டிலுமாக இவர் அறைக்குள் போனேன். பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் ஊற்றப் போனபோது படுக்கையிலிருந்து பக்கத்து நாற்காலியைத் தட்டுகிற சத்தம். தண்ணீர் அளவு தப்பிவிட்டதோ என்று திரும்பினேன். இவர் பிளாஸ்க்கைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையைக் கட்டிலின் கம்பியில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்துச் சுவர்ப் பக்கம் நகர்ந்தார். பாதிக் கட்டில் காலியானது.

“என்னங்க? தண்ணி வேணுமா? வலிக்கா?”

வாய் கோணிக்கொண்டு ஏதோ தேடியது. இல்ல என்றுதான் வரும் என்று காத்திருந்தேன்.

“படு” என்றார்.

பிளாஸ்க்கை மூடக்கூட இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டேன்.